எழுதுகிறவர்களின் மனநிலை ஏறி இறங்குவதை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: ஒரு நாள் எழுதியது பிரமாதம் என்று தோன்றுகிறது. மூன்றாம் நாள் அதே பக்கங்களைப் பார்த்தால் மொத்தத்தையும் அழித்துவிடலாம் போலிருக்கிறது. இதழிலிருந்து கதை திரும்பி வந்தால் ஒரு வாரம் எழுத உட்காரவே முடிவதில்லை. எழுதுகிறவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பதில்:

எழுதும்போது உங்களுக்கு இருக்கும் மனநிலைக்கும் எழுதிய பக்கத்தின் தரத்துக்கும் நீங்கள் நினைக்கிற அளவு சம்பந்தம் கிடையாது. இதை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரு நோட்டில் தினமும் ஒரு வரி: தேதி, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், எழுதிய சொற்கள், மனநிலைக்கு 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண். மதிப்பெண்ணை எழுதி முடித்து எழுந்த உடனே போட்டுவிட வேண்டும். இரவில் போட்டால் அன்றைக்கு மற்றவர்கள் மேல் வந்த எரிச்சலும் அதில் கலந்துவிடும். நான்கு வாரம் போகட்டும். பிறகு 1, 2 போட்ட நாட்களிலிருந்து மூன்று பக்கம், 5 போட்ட நாட்களிலிருந்து மூன்று பக்கம் எடுத்து, தேதி இல்லாமல் அச்செடுத்து, கலைத்துப் படியுங்கள். எது எந்த நாளுடையது என்று பென்சிலால் குறித்துவிட்டு நோட்டைப் பாருங்கள். ஆறில் மூன்று சரியாக வந்தால், அது காசு சுண்டிப் பார்த்தாலும் கிடைத்திருக்கக்கூடிய விடைதான்.

இந்தச் சோதனையில் இன்னொன்றும் கண்ணில் படும். உற்சாகமான நாளின் பக்கங்களில் உவமைகள் குவிந்து கிடக்கும், ஒரே விஷயம் அடுத்தடுத்த வாக்கியங்களில் இரண்டு முறை வரும். சோர்ந்த நாளின் பக்கம் வறட்சியாக இருக்கும், ஆனால் வெட்ட வேண்டியது குறைவு.

மனநிலையை விட்டுவிட்டு வேலையை மட்டும் அளந்தவர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிராலப்பை மிஞ்ச ஆளில்லை. அஞ்சல் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, விடியற்காலையில் கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதினார். தினமும் எத்தனை பக்கம் என்று குறிப்பேட்டில் பதிந்தார். அவர் இறந்த பிறகு 1883-இல் வெளிவந்த தன்வரலாற்றில் இந்தக் கணக்கெல்லாம் இருக்கிறது. அவருடைய வேகத்தைப் பின்பற்றத் தேவையில்லை. உங்களால் மோசமான நாளிலும் எட்ட முடிகிற அளவு எதுவோ, 200 சொல்லோ 300 சொல்லோ, அதை வைத்துக்கொள்ளுங்கள். மேல் வரம்பும் ஒன்று வேண்டும், உங்கள் வழக்கமான அளவைப்போல் இரண்டு மடங்கு. ஒரே நாளில் நாலாயிரம் சொல் எழுதித் தீர்த்தவர் அடுத்த இரண்டு நாள் காலியாக உட்கார்ந்திருப்பார், அந்தக் காலியைத் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்வார். சரிவுகளில் பாதி இப்படி நாமே வரவழைத்துக்கொள்வதுதான்.

இனி அந்த மூன்றாம் நாள் சங்கதி. எழுதும்போது பக்கத்தில் இல்லாததையும் உங்கள் மனம் நிரப்பிக்கொள்கிறது: கதைநாயகியின் குரல், அவள் இருக்கும் அறையின் வெளிச்சம், இனி வரப்போகிற திருப்பம். மூன்றாம் நாள் அந்த நினைவு மங்கி, தாளில் இருப்பது மட்டும் தெரிகிறது. அதனால்தான் சப்பென்று இருக்கிறது. உண்மையில் இது வாசகரின் பார்வைக்கு நீங்கள் கொஞ்சம் நெருங்கி வந்ததன் அடையாளம். ஆனால் அன்றைக்கே கத்தியை எடுத்தால் நல்ல வரியும் சேர்ந்து போய்விடும். அன்று எதையும் அழிக்கக் கூடாது. கண்ணை உறுத்துவதை ஓரத்தில் எழுதி வையுங்கள், ஆனால் குறிப்பு திட்டவட்டமாக இருக்க வேண்டும். ‘மோசம்’ என்று எழுதினால் பயனில்லை. ‘இரண்டாம் பத்தி: அவள் கதவைத் திறப்பதற்கு முன் மூன்று வரி மழை வருணனை, இரண்டை எடு’ என்று எழுதினால் அது வேலை. அப்படி எழுத எதுவும் அகப்படவில்லை, ஆனாலும் எல்லாமே குப்பை என்று தோன்றுகிறது என்றால், கோளாறு பக்கத்தில் இல்லை, தூங்கப் போங்கள். சிறுகதையை ஒரு வாரமும் நாவலின் முதல் வரைவை நான்கு வாரத்துக்குக் குறையாமலும் ஆறப் போட்டுவிட்டுத் திருத்துங்கள். அப்போதும் வெட்டியதை ‘வெட்டியவை’ என்று ஒரு கோப்பில் ஒட்டி வையுங்கள். அதை மறுபடி எடுத்துப் பயன்படுத்துவது அபூர்வம். ஆனால் போய்விடவில்லை என்று தெரிந்தால் வெட்டக் கை நடுங்காது.

நாவல் எழுதுகிறவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தாண்டியதும் ஒரு பள்ளம் வரும். தொடக்கத்தில் எல்லா வழியும் திறந்திருந்தது, இப்போது எடுத்த முடிவுகள் ஒவ்வொன்றும் வழியை அடைக்கின்றன. அந்த நேரம் பார்த்துப் புதுக் கதை ஒன்று பளிச்சென்று மனதில் வரும். அதை அரைப் பக்கத்தில் குறித்து மூடிவிடுங்கள், தொடங்காதீர்கள். தினமும் நிறுத்தும் இடத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிகிற இடத்திலேயே நிறுத்துவேன் என்று அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே சொல்லியிருக்கிறார். வற்றும்வரை எழுதிவிட்டு எழுந்தால் மறுநாள் வெற்றுத் தாள்தான் வரவேற்கும். காட்சியின் நடுவில், முடிந்தால் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்துங்கள். மறுநாள் பழையதைப் படிப்பதும் கடைசி 200 சொல்லோடு நிற்கட்டும். முதல் அத்தியாயத்திலிருந்து படித்து வந்தால் அன்றைய நேரம் திருத்தத்திலேயே கரைந்துவிடும்.

நிராகரிப்புக்குத் தேவை ஒரு பட்டியல். கதையின் பெயர், அனுப்பிய இடம், அனுப்பிய தேதி, பதில் தேதி, பதிலின் வகை, அடுத்து அனுப்பப்போகும் இடம். கடைசிக் கட்டத்தை முதல் தடவை அனுப்பும் முன்பே நிரப்பிவிட வேண்டும், ஏனென்றால் கதை திரும்பி வந்த நாளில் உங்களுக்கு எந்த இதழுமே பொருத்தமாகத் தெரியாது. பதில் இரண்டு வகை. ‘பிரசுரிக்க இயலவில்லை’ என்று எல்லோருக்கும் போகும் வார்ப்புக் கடிதத்தில் உங்கள் கதையைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை. பக்கம் நிரம்பியிருக்கலாம், அதே கருவில் வேறு கதை ஏற்கெனவே தேர்வாகியிருக்கலாம். கதையைத் தொடாமல் 24 மணி நேரத்துக்குள் அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். ஆசிரியர் இரண்டு வரி சொந்தமாக எழுதியிருந்தால் மூன்று நாள் கழித்து எடுத்துப் படியுங்கள். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் திருத்திக்கொண்டே போனால், ஐந்தாவது சுற்றில் அது யாருடைய கதையும் இல்லாமல் போகும். இருவர் தனித்தனியாக ஒரே இடத்தைச் சுட்டினால் மட்டும் திருத்துங்கள். பதிலே வராவிட்டால், இதழ் சொன்ன கெடுவைத் தாண்டி ஒரு மாதம் பார்த்துவிட்டு, ஒரு வரி விசாரித்து, கதையைத் திரும்பப் பெறுவதாகத் தெரிவித்துவிடுங்கள். எப்போதும் மூன்று நான்கு படைப்புகள் வெளியே சுற்றிக்கொண்டிருக்கட்டும். ஒன்றே ஒன்று போயிருந்தால் மொத்த மனமும் அதன் பின்னாலேயே போகும்.

எதிர்வினை கடிதம் போட வேண்டும் என்று கை துறுதுறுத்தால் எழுதுங்கள், பெறுநர் முகவரி மட்டும் போடாதீர்கள்.

இணையத்தில் வெளியிட்ட பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விருப்பக்குறிகளை எண்ணுவது பலவீனம் ஒன்றுமில்லை. எப்போது வரும் என்று தெரியாத பரிசுதான் மறுபடி மறுபடி பார்க்க வைக்கும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் ஆய்வகத்தில் எப்போதோ காட்டிவிட்டார். வெளியிடும் முன் அறிவிப்புகளை அணையுங்கள், 24 மணி நேரம் கழித்து ஒரே தடவை போய் எல்லோருக்கும் பதில் எழுதிவிட்டு வந்துவிடுங்கள். புத்தகம் வெளியான வாரத்துக்கும் இதுவே. ஒரு படைப்பை எழுதி முடித்த பிறகு வரும் வெறுமையை எதிர்பார்த்தே இருங்கள். முன்கூட்டியே இரண்டு வாரத்துக்கு எழுத்தில்லாத வேலைகளைக் குறித்து வையுங்கள்.

மேலே சொன்னவை தொழிலோடு வரும் ஏற்ற இறக்கத்துக்கு. எழுத்து மட்டுமின்றி எதிலுமே விருப்பம் அற்று, தூக்கமும் பசியும் மாறி, நாளின் பெரும்பகுதி அப்படியே இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றைக்கே. எழுதுகிறவர்கள் கவனிக்கத் தவறுவது மறுபக்கத்தை: மூன்று மணி நேரத் தூக்கத்திலேயே களைப்பில்லாமல், எண்ணங்கள் ஓடி, பேச்சும் செலவும் கூடி நான்கு நாள் நீடித்தால் அதை ‘அருள் வந்த காலம்’ என்று கொண்டாடாதீர்கள், அதற்கும் மருத்துவரைப் பாருங்கள். நோட்டில் நீங்கள் எழுதிய நேரங்களும் மதிப்பெண்களும் மருத்துவருக்கு நல்ல தகவல், கையோடு எடுத்துப் போங்கள். மருந்து சாப்பிட்டால் எழுத்து போய்விடும் என்ற பயம் இருந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். காலையில் மந்தமாக இருந்தால் மருந்தின் அளவையோ வேளையையோ அவர் மாற்றிக் கொடுக்க முடியும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.