பெட்ரோல் போட்டில் ப்ளோயரை எப்போது போடணும்? நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

நான் நீரோடிக்காரன். எங்கள் ஊரைத் தாண்டினால் பொழியூர், அப்புறம் பூவார், அதற்கும் அப்பால் விழிஞ்ஞம். இந்தக் கரையில் இருபத்திரண்டு வருடமாக போட்டு (படகு) எஞ்சின் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு ஸ்பீடு போட்டின் எஞ்சின் மூடியைத் தூக்கியபோது பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. எஞ்சின் அறையில் தேங்கும் ஆவியை ஓஸ் வழியாக உறிஞ்சி வெளியே தள்ளும் மின்விசிறிதான் ப்ளோயர். அதன் சுவிட்சைப் பார்த்தால் உப்பு பூத்து இறுகிக் கிடந்தது, அதைத் தொட்டே மாதக்கணக்கில் ஆகியிருக்கும். அதைச் சொல்லி, ப்ளோயர் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்திருக்கிறேன்.

பூவாரில் போட்டு ஓட்டும் ஒரு தம்பி: அண்ணாச்சி, ஆள் ஏறி உட்கார்ந்ததும் "எடு எடு" என்கிறார்கள். நாலு நிமிஷம் ப்ளோயர் ஓட்டியே ஆகணுமா? ஒரு நிமிஷம் போதாதா?

நாலு நிமிஷம் ஓட்டியே ஆகணும், தம்பி. காரணத்தைச் சொல்கிறேன், தெரிந்துகொண்டால் நீயே குறைக்க மாட்டாய். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். காரில் கசிந்தால் கீழே தரைக்குப் போய்க் காற்றோடு கலைந்துவிடும். போட்டில் போவதற்கு இடம் இல்லை, எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்கு ஆவி கலந்தாலே தீப்பிடிக்கும், ஏழரைப் பங்கு வரைக்கும் அந்த ஆபத்து உண்டு. அதற்கு மேல் போனால் காற்று போதாமல் பிடிக்காது, ஆனால் மூடியைத் திறந்ததும் காற்று புகுந்து மறுபடி அந்த அளவுக்கு வந்துவிடும். நம் ஊர் வெயிலை விடு, பனிக்கட்டி உறையும் குளிரிலும் பெட்ரோல் ஆவியாகும். ஆக ஆவி இருக்கிறதா என்று யோசிக்க வேண்டியதில்லை, எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதுதான் கேள்வி. அந்த நேரத்தில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டாரோ பழுதான ஒயரோ ஒரு பொறி கொடுத்தால் போதும்.

அமெரிக்காவில் 1980 ஜூலை 31-க்குப் பிறகு கட்டிய, உள்ளே பெட்ரோல் எஞ்சின் பூட்டிய போட்டுகளுக்கு ப்ளோயர் கட்டாயம். சாவிக்குப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கையும் ஒட்டியிருக்கணும்: எஞ்சின் எடுக்கும் முன் நாலு நிமிஷம் ப்ளோயர் ஓட்டு, எஞ்சின் அறையின் அடியில் ஆவி இருக்கிறதா என்று பார். அங்கிருந்து வந்த போட்டுகளில் அந்த ஸ்டிக்கர் இன்னும் இருக்கும், வெயிலில் வெளுத்துப் போயிருந்தாலும் தேடிப் பார்.

நேரம் இல்லை என்பதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். ஆள் ஏறத் தொடங்கும் முன்பே ப்ளோயரைப் போட்டுவிடு. லைஃப் ஜாக்கெட் மாட்டி, பிள்ளைகளுக்கு வார் இழுத்துக் கட்டி முடிக்க நாலு நிமிஷத்துக்கு மேலேயே ஆகும். அப்புறம் மூடியைத் தூக்கி, குனிந்து, மூக்கால் பார். அந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் நாலு நிமிஷத்துக்குப் பாதிப் பயன்தான்.

அதே தம்பி: பேட்டரி இறங்காதா?

சாதாரண நாலு அங்குல ப்ளோயர் ஏறத்தாழ ஐந்து ஆம்பியர் இழுக்கும். நாலு நிமிஷத்துக்கு ஒரு ஆம்பியர் மணியில் மூன்றில் ஒரு பங்கு. எழுபது ஆம்பியர் பேட்டரிக்கு அது ஒன்றுமே இல்லை. இதற்கே பேட்டரி இறங்கினால் மாற்ற வேண்டியது பேட்டரியை.

பாறசாலையிலிருந்து ஒருவர்: அண்ணே, எஞ்சின் எடுத்த பிறகு ப்ளோயரை அணைத்துவிடலாமா? சிலர் அணைக்கிறார்கள், சிலர் முழு நேரமும் ஓட்டுகிறார்கள்.

போட்டு எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதைப் பொறுத்தது. நல்ல வேகத்தில், மூக்கு தூக்கி அலை மேல் சறுக்கிப் போகும்போது காற்றுத் துளைகள் வழியாக வெளிக் காற்று தானாகவே உள்ளே போய் வெளியே வரும், அப்போது அணைக்கலாம். மெதுவாகப் போனாலோ, எஞ்சின் ஓட நின்றுகொண்டிருந்தாலோ அந்தக் காற்றோட்டம் கிடையாது, ப்ளோயர் ஓடிக்கொண்டேதான் இருக்கணும். பூவார் காயலில் கண்டல் காட்டுக்குள் போகிற ஓட்டம் முழுக்க மெதுவான ஓட்டம்தானே, பறவை பார்க்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், நெய்யாற்றுப் பொழிமுகத்தில் கொஞ்ச நேரம் நிறுத்துகிறார்கள். அங்கே ஓட்டுகிறவர் கரையில் போட்ட ப்ளோயரைத் திரும்பக் கரைக்கு வந்துதான் அணைக்கணும். வேகமாகப் போனாலும் ஓடிவிட்டுப் போகட்டும் என்று விட்டால் தவறே இல்லை. அணைத்துவிட்டு, வேகம் குறைத்தபோது திரும்பப் போட மறப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

அவரே: எஞ்சினை நிறுத்திய பிறகு?

ஓட்டுங்கள், ஐந்து நிமிஷமாவது. சூடான எஞ்சின் நின்றதும் குளிர்விக்கும் தண்ணீரும் நின்றுவிடும், அறையின் சூடு இன்னும் ஏறும், கார்புரேட்டரில் மிச்சம் இருக்கும் பெட்ரோல் ஆவியாகும். பதினைந்து நிமிஷம் கரையில் டீ குடித்துவிட்டு "இப்போதுதானே நிறுத்தினோம்" என்று உடனே சாவியைத் திருப்புகிறார்களே, அதுதான் எனக்குப் பயம். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அதே நாலு நிமிஷம், அதே மூக்கு.

திருவனந்தபுரத்திலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, வீட்டுக்காரர் கேனில் பெட்ரோல் கொண்டுவந்து போட்டிலேயே ஊற்றுகிறார். ஊற்றும்போதே ப்ளோயரை ஓடவிட்டால் பாதுகாப்பு என்கிறார். சரியா?

சரியில்லை தங்கச்சி, உறுதியாகச் சொல்லிவிடு. ஊற்றும்போது ப்ளோயர் ஓடினால் வெளியே எழும்பும் ஆவியையும் எஞ்சின் அறைக்குள் இழுக்கும். ஊற்றும் முன் எஞ்சின், ப்ளோயர், பேட்டரி எல்லாம் அணைத்து, ஜன்னலும் மூடிகளும் சாத்தி, ஆட்களைக் கரையில் இறக்கிவிடணும். பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது, போனையும் கரையில் வைத்துவிடச் சொல்லு. ஊற்றி முடித்து, சிந்தியதைத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கரையில் போட்டுவிட்டு, டேங்க் மூடியை இறுக்கி, பிறகுதான் எல்லாக் கதவும் திறந்து மூக்கால் பார்க்கணும். வாடை இல்லை என்றால் ப்ளோயர் நாலு நிமிஷம்.

இன்னொன்று, பெட்ரோல் பங்கில் கேனை நிரப்பும்போது வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பிலோ ரப்பர் பாயிலோ வைத்து நிரப்ப வேண்டாம். தரையில் இறக்கி, பம்பின் குழாய் முனை (நாசில்) கேனைத் தொட்டுக்கொண்டே இருக்கும்படி நிரப்பணும். பெட்ரோல் ஓடும்போதே மின்னேற்றம் உண்டாகும், தரையில் இருந்தால் அது இறங்கிவிடும்.

இது சம்பந்தமாக நான் நேரில் பார்த்த ஒன்று. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் ஒரு சுற்றுலாப் போட்டில் வேலை. டேங்க் பாதி இருந்த வரைக்கும் வாடையே இல்லை. அன்று விடுமுறை நாள் என்று கழுத்து வரை நிரப்பினார்கள். ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகிற ஓஸில் கிளிப் ஒன்று துருப்பிடித்து உடைந்திருந்தது, டேங்க் நிறைந்தால்தான் பெட்ரோல் அந்த மட்டத்துக்கு ஏறும், அதுவரை கசிவு வெளியே தெரியாது. ஓட்டுநர் சாவியில் கை வைத்துவிட்டார். மூடியைத் திறந்து பார்க்கலாம் என்று நான் சொன்னதும் திறந்தோம். பள்ளத்தில் தண்ணீர் மேல் பெட்ரோல் மினுமினுத்தது. அவரையும் உள்ளே இருந்த மூன்று பேரையும் கரையில் ஏற்றிய பிறகுதான் எனக்குக் கை நடுங்கியது. அன்றிலிருந்து யார் போட்டில் ஏறினாலும் முதலில் மூடியைத் தூக்குகிறேன்.

ஒருவர்: நாலு நிமிஷம் ஓட்டியும் வாடை போகவில்லை என்றால் எட்டு நிமிஷம் ஓட்டலாமா?

கூடாது. ப்ளோயர் ஆவியைத்தான் வெளியேற்றும், பெட்ரோலை அல்ல. வாடை போகவில்லை என்றால் எங்கோ பெட்ரோல் கசிந்துகொண்டிருக்கிறது அல்லது தேங்கி நிற்கிறது, நீங்கள் ஆவியை வெளியேற்ற வெளியேற்ற அது புதிதாக ஆவி கொடுத்துக்கொண்டே இருக்கும். எஞ்சினை எடுக்காதீர்கள். ஆட்களை இறக்குங்கள், மூடிகளைக் கையால் திறந்து காற்றாட விடுங்கள், கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் மற்றது. போட்டில் ஏறியதுமே பலமாக வாடை அடித்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். ப்ளோயர், பள்ளத்துத் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப், விளக்கு எதுவும் வேண்டாம். பேட்டரி கம்பியைப் பிடுங்கவும் போகாதீர்கள், அந்த இடத்திலேயே பொறி வரும்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மெக்கானிக்: ப்ளோயர் எரிந்துவிட்டது. கார் ரேடியேட்டர் ஃபேன் மாட்டிக் கொடுத்தால் அதைவிட நன்றாகக் காற்று இழுக்கிறதே?

தம்பி, தயவுசெய்து கழற்றிவிடு. போட்டுக்கான ப்ளோயரில் மோட்டாரின் பொறி வெளியே இருக்கும் ஆவியைப் பற்றவைக்காதபடி செய்திருப்பார்கள், எஸ்ஏஇ ஜே1171 என்று ஒரு அளவுகோலே அதற்கு இருக்கிறது. கார் ஃபேனுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆவியை வெளியே தள்ள வைத்த பொருளே ஆவிக்குத் தீ வைக்கும். செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், போல்ட்டும் பொருந்தும், ஆனால் கார் சாமானைப் பெட்ரோல் எஞ்சின் அறைக்குள் வைக்காதே.

மாற்றும்போது ஓஸையும் பார். உறிஞ்சும் ஓஸின் வாய் அறையின் கீழ் மூன்றில் ஒரு பகுதிக்குள் இருக்கணும், ஆனால் சாதாரணமாகத் தேங்கும் தண்ணீருக்கு மேலே. தண்ணீருக்குள் மூழ்கினால் ஒன்றும் இழுக்காது. நான் பார்க்கிற போட்டுகளில் பாதியில் ஓஸ் கிழிந்தோ கழன்றோ மேலே தொங்குகிறது. ப்ளோயர் நன்றாகச் சத்தம் போடும், மேல் காற்றை இழுத்து வெளியே விடும், கனமான ஆவி அடியில் அப்படியே கிடக்கும். சத்தத்தை நம்பாமல் வெளித்துளையில் கை வைத்துப் பார், உள்ளே ஓஸின் வாயில் ஒரு காகிதத்தைக் காட்டு, பிடித்து இழுக்கணும். குளவி கூடு கட்டி வெளித்துளை அடைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொருவர்: எத்தனால் கலந்த பெட்ரோலால் ஏதாவது கெடுதல் உண்டா?

இருக்கிறது. இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஓஸ் சில அதற்காகச் செய்யப்பட்டதல்ல, மெத்தென்று ஆகிப்போகும், வெடிப்பு விடும், சொட்டாமலே வியர்க்கும். சுத்தமான துணியால் ஓஸை நீளத்துக்கும் துடைத்துத் துணியை முகர்ந்து பாருங்கள். துணியில் பெட்ரோல் வாடை வந்தால் அந்த ஓஸ் முடிந்தது.

தூத்தூரிலிருந்து ஒரு ஸ்ராங்கு (போட்டு ஓட்டும் தலைவர்): நம்முடைய ஆழ்கடல் போட்டு டீசல், சின்ன வள்ளத்தில் வெளியே மாட்டும் எஞ்சின். இதெல்லாம் நமக்குத் தேவையா?

வள்ளத்தில் எஞ்சின் வெளிக்காற்றில் தொங்குகிறது, பெட்ரோலில் எடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டினாலும் அதற்கு ப்ளோயர் வேண்டாம். பெட்ரோல் கேனை மூடிய பெட்டிக்குள்ளோ தளத்துக்கு அடியிலோ வைக்காதீர்கள், அவ்வளவுதான். டீசல் பெட்ரோல் மாதிரி எளிதில் ஆவியாகாது, அதனால் டீசல் எஞ்சின் அறையில் ப்ளோயர் சூட்டைத் தள்ளவும் எஞ்சினுக்குக் காற்று கொடுக்கவும்தான், நாலு நிமிஷக் கணக்கு அங்கே கிடையாது.

ஆனால் அண்ணாச்சி, உங்கள் போட்டில் பல நாள் தங்கல், சமையல் கேஸில். அதை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சமையல் கேஸும் காற்றைவிடக் கனம், ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. வீல் ஹவுஸில் (போட்டை ஓட்டும் அறையில்) ரெகுலேட்டர் கசிந்தால் அது நேராக எஞ்சின் அறைக்குள்தான் இறங்கும், அங்கே டீசல்தானே என்று யாரும் முகர்ந்து பார்க்கவும் மாட்டார்கள். சிலிண்டரைத் திறந்த தளத்தில், கசிந்தால் கடலுக்குப் போகிற மாதிரி ஓரத்தில் கட்டுங்கள், சமையல் முடிந்ததும் வால்வை சிலிண்டரிலேயே மூடுங்கள். பேட்டரி சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் இதற்கு நேர் எதிர், மேலே போகும், அதனால் பேட்டரிப் பெட்டிக்கு மேலே காற்றுத் துளை இருக்கணும்.

கடைசியாக, நீர் ஸ்கூட்டர் வைத்திருக்கும் ஒருவர்: என்னுடையதில் ப்ளோயர் சுவிட்சே இல்லையே?

பெரும்பாலானவற்றில் இருக்காது. ஆனால் பெட்ரோலும் எஞ்சினும் ஒரே மூடிய கூட்டுக்குள்தான். பெட்ரோல் நிரப்பிய பிறகு சீட்டைக் கழற்றி, கூடு காற்றாடச் சில நிமிஷம் விட்டு, முகர்ந்து பார்த்து, அப்புறம் சீட்டை மாட்டி எடுங்கள். இரவு முழுக்க ஷெட்டில் மூடிக் கிடந்ததைக் காலையில் எடுக்கும்போதும் அப்படியே செய்யுங்கள்.