சதுரத் தண்டும் உருளைத் தண்டும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

புதிய நிறுவனத்தில் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. என் அறிக்கைகள் எல்லாம் திருத்தங்களோடு திரும்பி வருகின்றன. ‘நம்ம ஆட்கள் இப்படி எழுத மாட்டாங்க’ என்கிறார் மேலாளர். இப்போது அவர்களைப் போலவே எழுதுகிறேன். ராத்திரி கதை எழுத உட்கார்ந்தாலும் அதே நடைதான் வருகிறது. நான் காணாமல் போய்க்கொண்டிருக்கிறேனா? கதைகளுக்குப் புனைபெயர் வைத்துக்கொள்ளலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

புனைபெயர் உங்கள் விருப்பம்.

புது இடத்தில் எல்லோரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் கூடச் சிரிப்பது எவ்வளவு பெரிய தனிமை என்று எனக்குத் தெரியும். உங்கள் கடிதம் முழுக்க அது இருக்கிறது. ஆனால் மேலாளர் சொன்னதை அவமானமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். அறிக்கையைப் படிப்பவருக்கு அன்றைக்கு ஒரு வேலை முடிய வேண்டும். உங்கள் நடையழகை ரசிக்க அவர் ஏன் கடமைப்பட்டிருக்க வேண்டும்?

கொஞ்ச நாளாகவே ஜெர்மன் மொழியில் கதைகள் எழுதிய காஃப்காவின் அலுவலக எழுத்தை நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1908இல் பிராக் நகரத்தில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தவர், காசநோயால் 1922இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். மரம் இழைக்கும் இயந்திரங்களைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை ஒன்று உண்டு. இயந்திரத்தில் சுழலும் சதுரத் தண்டில் கத்திகளைப் பொருத்தினால் தண்டுக்கும் மேசைக்கும் நடுவே அகலமான இடைவெளி விழும். கை வழுக்கினால் விரல்கள் போய்விடும். உருளைத் தண்டில் அந்த இடைவெளி குறுகிவிடுவதால் சிறு காயத்தோடு தப்பலாம். இதைப் படங்களோடு விளக்குகிறார். உவமை கிடையாது, புலம்பல் கிடையாது. முழுக்கக் காப்பீட்டு அலுவலகத்தின் மொழி. வேலையைப் பற்றி அவர் நொந்துகொண்டது உண்மைதான், ஆனாலும் அந்த அறிக்கையில் அரைமனது தெரியவில்லை. அங்கே வேலை பார்த்துக்கொண்டே 1912 செப்டம்பரில் ஒரே ராத்திரியில் ‘தீர்ப்பு’ கதையை எழுதி முடித்தார். பகலில் எழுதிய அறிக்கைகள் அந்தக் கதையைக் கொல்லவில்லையே.

அலுவலக நடையில் நீங்கள் பிடிவாதமாக எதிர்க்க வேண்டியது ஒன்றுதான். ‘முடிவு எடுக்கப்பட்டது’, ‘தாமதம் ஏற்பட்டது’ என்று ஆளை ஒளித்துவைக்கும் வாக்கியங்கள். என் முதல் வேலையில் மூத்தவர் ஒருவர் என் கூட்டக் குறிப்புகளில் ‘எடுக்கப்பட்டது’ வந்த இடமெல்லாம் ஓரத்தில் ‘யார்?’ என்று பென்சிலால் எழுதித் திருப்பித் தருவார். யார் முடிவெடுத்தார், யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள்? இது இல்லாத அறிக்கையில் தவறுக்கான பழி கடைசியில் அங்கே இருப்பவர்களிலேயே இளையவர் தலையில் விழும். இப்போதைக்கு அது நீங்கள்தான்.

அடுத்த அறிக்கையை உங்கள் மேலாளரின் நடையிலேயே எழுதுங்கள். பெயரையும் தேதியையும் மட்டும் விடாதீர்கள். அவற்றையும் வெட்டி அனுப்பினார் என்றால் எனக்கு மறுபடி கடிதம் எழுதுங்கள், அது வேறு பிரச்சினை.