கோல் இருக்கட்டும், முதலில் லைனைக் கழுவுங்கள்

கேள்வி: சென்ற சீசனில்தான் ஃப்ளை ஃபிஷிங் பழகத் தொடங்கினேன். ட்ரவுட் முட்டையிடும் காலம் என்பதால் ஆற்றில் இப்போது மீன்பிடிக்க அனுமதி இல்லை. கருவிகளை அப்படியே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். கடைசி நாட்களில் என் வீச்சு நீளவே இல்லை. லைன் சுருள் சுருளாகத் தண்ணீரில் விழுந்தது. விலை கூடிய கோல் ஒன்று வாங்கினால் சரியாகுமா? குளிர்கால மாதங்களில் வேறு என்ன செய்யலாம்?

பதில்: கோல் வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் பெரும்பாலும் லைனிலிருந்து வருபவை. சாதாரணத் தூண்டிலில் நுனியில் இருக்கும் ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் நுனியில் இருப்பது இறகும் நூலும் கட்டிய செயற்கைப் பூச்சி. தானாகப் பறந்து போகும் அளவுக்கு அதற்கு எடை இல்லை. லைனின் எடையைத்தான் நாம் வீசுகிறோம், பூச்சி அதன் பின்னால் போகிறது. ஆகவே லைன் கெட்டால் எல்லாம் கெட்டது.

பெரும்பாலான லைன்களில் நடுவே ஒரு நூலும் அதன்மேல் வழுவழுப்பான பிளாஸ்டிக் பூச்சும் இருக்கும். ஒரு சீசன் முழுவதும் ஆற்றின் பாசியும் வண்டலும் அந்தப் பூச்சில் படிந்துவிடுகின்றன. பிறகு கோலின் வளையங்களில் லைன் வழுக்கிப் போகாது, மிதக்க வேண்டிய நுனியும் மூழ்கும். ஒரு வாளியில் வெதுவெதுப்பான நீர் எடுத்து, மென்மையான சோப்பு சில துளிகள் கலந்து, லைன் முழுவதையும் அதில் ஊற விடுங்கள். பத்து நிமிடம் கழித்து ஈரத்துணியால் பிடித்து மெதுவாக உருவுங்கள். துணியில் ஏறும் கறுப்பைப் பார்த்தால் வீச்சு ஏன் நீளவில்லை என்பது உங்களுக்கே புரியும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். காரமான சலவைத்தூள் கூடாது. அது பூச்சின் வழுவழுப்பையே எடுத்துவிடும்.

உருவும்போதே விரலால் தடவிப் பாருங்கள். அதிகம் தேய்வது முதல் பத்து மீட்டர்தான். அங்கே வெடிப்பு தட்டுப்பட்டால் லைனை மாற்றுங்கள். உங்களுடையது டபுள் டேப்பர் வகை என்றால் அதிர்ஷ்டம்: இரு முனையும் ஒரே அமைப்பு என்பதால் திருப்பிச் சுற்றிக்கொள்ளலாம். கொசு விரட்டி பூசிய கையால் லைனைத் தொடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அதில் உள்ள டீட் என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

சுருளுக்கு வருவோம். சிறிய ரீலில் மாதக்கணக்கில் இறுகச் சுற்றிக் கிடந்த லைன் அந்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். எனவே குளிர்காலத்தில் அதை ரீலிலிருந்து கழற்றி, பெரிய வளையங்களாகத் தளர்வாகச் சுற்றி, வெயில் படாத இடத்தில் மாட்டிவிடுங்கள். சீசன் அன்று கரையில் ஓரிரு மீட்டராகப் பிடித்து மெல்ல இழுத்து நீவினால் மிச்சச் சுருளும் போய்விடும்.

லைனின் நுனியில் கட்டும் மெல்லிய நைலான் இழையான லீடரையும், அதன் முனையில் பூச்சியைக் கட்டும் இன்னும் மெல்லிய இழையான டிப்பெட்டையும் தயங்காமல் புதிதாக மாற்றுங்கள். நைலான் வெயிலில் வலுவிழக்கும், கண்ணுக்குத் தெரியாது. 5எக்ஸ் என்ற அளவுள்ள டிப்பெட்டின் தடிமன் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர், அதில் ஒரு சிறு கீறலே போதும். பழைய டிப்பெட்டை நம்பி, சீசனின் முதல் நாளிலேயே நல்ல மீன் ஒன்றை நான் இழந்திருக்கிறேன். மீன் போனதைவிட, முள்ளோடு அது போனதுதான் இன்றும் உறுத்துகிறது.

கோலுக்குக் கால் மணி நேரம் போதும். வளையங்களுக்குள் பஞ்சை விட்டுச் சுழற்றுங்கள்; இழை சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது, அது லைனை அறுக்கும். ஈரமான உறையோடு குழாய்க்குள் வைத்திருந்தால் இன்றே வெளியே எடுங்கள். ரீலின் பிரேக்கைத் தளர்த்தி வையுங்கள். பூச்சிப் பெட்டியை ஒரு நாள் திறந்து போட்டு, துருப்பிடித்த முட்களை அகற்றுங்கள்.

அடுத்தது கை. வாரத்தில் இரண்டு நாள், பதினைந்து நிமிடம், புல்தரையில் வீசிப் பழகுங்கள். சிமெண்ட் தரை லைனைத் தேய்த்துவிடும். நுனியில் முள் வேண்டாம், கம்பளி நூலில் ஒரு சிறு குஞ்சம் கட்டினால் போதும். தலையைத் திருப்பிப் பின்வீச்சைப் பாருங்கள். லைன் பின்னால் முழுவதும் நீண்ட பிறகே கை முன்னே வர வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் அந்த அரை நொடி பொறுப்பதில்லை. வீச்சு நொறுங்குவது அங்கேதான். தூரத்தை விரட்டாதீர்கள். சிறிய ஆறுகளில் பெரும்பாலான ட்ரவுட் பத்து மீட்டருக்குள்தான் அகப்படும். பத்து மீட்டரில் ஒரு தட்டுக்குள் குஞ்சம் விழுகிறதா என்று பாருங்கள்.

மாலை நேரங்களில் பூச்சி கட்டப் பழகலாம். முப்பது வகை வேண்டாம், ஒன்றில் தொடங்குங்கள்: ஃபெசன்ட் டெய்ல் நிம்ஃப், அதாவது நீருக்கடியில் வாழும் இளம் பூச்சியைப் போன்றது. இங்கிலாந்தின் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃபிராங்க் சாயர் உருவாக்கியது. அவர் நூலே பயன்படுத்தவில்லை. மெல்லிய செம்புக் கம்பியும் ஃபெசன்ட் பறவையின் வால் இறகு இழைகளும் மட்டும்தான். கம்பியே கட்டுகிறது, அதன் எடையே பூச்சியை மூழ்க வைக்கிறது. 14, 16 எண் முட்களில் பன்னிரண்டு கட்டிவிட்டால், பன்னிரண்டாவது முதலாவதைப் போல இருக்காது. சீசன் தொடக்கத்தில் இதுதான் உங்களுக்கு அதிகம் பயன்படும். நீர் 7, 8 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது ட்ரவுட்டின் உடல் மந்தமாகிவிடும். ஆழமான, ஓட்டம் குறைந்த இடத்தில் அடியில் ஒதுங்கி நிற்கும். மேலே மிதக்கும் பூச்சிக்காக எழுந்து வருவது அரிது. ஒரு சிறிய வெப்பமானி புதிய கோலைவிட உங்களுக்கு அதிகம் சொல்லும்.

சீசன் திறந்ததும் ஆற்றில் இறங்கும்போது ஒன்றைப் பாருங்கள். பழுப்பு ட்ரவுட் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத் தொடக்கத்திலும் சரளைக்கற்களைக் குடைந்து முட்டையிடுகிறது. 5 டிகிரி நீரில் அவை பொரிக்க ஏறத்தாழ எண்பது நாட்கள் ஆகும். பொரித்த பிறகும் குஞ்சுகள் பல வாரம் கற்களுக்கிடையிலேயே இருக்கும். சுற்றியுள்ள அடிமட்டத்தைவிட வெளுத்து, கழுவி வைத்தது போலத் தெரியும் சரளைத் திட்டுகள்தான் அந்தக் கூடுகள். வானவில் ட்ரவுட் உள்ள ஆற்றில் வசந்தத்திலும் புதிய கூடுகள் உருவாகும். அந்தத் திட்டுகளின் மேல் கால் வைக்காமல், கரையோரமாகச் சுற்றிக்கொண்டு போங்கள்.