பிளாஸ்டிக் போர்வீரர்களுக்கு எந்தப் பசை?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: கல்லூரியில் படிக்கும் என் மகன், மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான சிறு பிளாஸ்டிக் வீரர்களை வாங்கித் தானே பொருத்துகிறான். ஃபெவிக்விக் போட்டு ஒட்டிய கைகள் பெட்டியில் வைத்து எடுத்தாலே கழன்று விழுகின்றன. ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. ஹார்டுவேர் கடையில் ‘பிளாஸ்டிக்குக்கு இதுதான்’ என்று கொடுத்த பைப் சொல்யூஷனைத் தடவியதில் ஒரு வீரனின் முகமே கரைந்துபோனது. இதற்கு வலுவான பசை எது?

பசையைத் தேடும் முன் பொம்மை எந்தப் பொருளால் ஆனது என்று தெரிந்தாக வேண்டும். உறுப்புகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டகத்தில் கொத்தாக வந்து, அவற்றை ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்துப் பொருத்த வேண்டியிருந்தால், அது பாலிஸ்டைரீன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். வார்ஹேமர் போன்ற விளையாட்டுகளின் பிளாஸ்டிக் வீரர்கள் இப்படித்தான் வருகிறார்கள். இதற்குரியது பிளாஸ்டிக் சிமென்ட். ப்யூட்டைல் அசிட்டேட், அசிட்டோன் போன்ற கரைப்பான்களால் ஆன இது, தொட்ட இடத்தில் பாலிஸ்டைரீனை இளக்கி, இரு பக்கத்தையும் ஒன்றோடொன்று கலக்கவிட்டு, பிறகு ஆவியாகிவிடுகிறது. காய்ந்த பின் கையும் தோளும் ஒரே பிளாஸ்டிக்காக நிற்கும். கழன்று விழ நடுவில் பசை என்று எதுவும் இருக்காது.

ஃபெவிக்விக், சூப்பர் க்ளூ போன்றவை சயனோஅக்ரிலேட் வகையைச் சேர்ந்தவை. பரப்பிலும் காற்றிலும் உள்ள ஈரத்தால் இறுகி, எளிதில் நொறுங்கும் மெல்லிய ஏடாக நடுவில் நிற்கும். நேராக இழுத்தால் தாங்கும். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். வெள்ளைப் பூப்புக்கும் இந்த ஈரமே காரணம். பசையிலிருந்து எழும் ஆவி, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து இறுகி, பொடியாக அருகிலேயே படிகிறது. பனிமூட்டம் சன்னல் வழியே வீட்டுக்குள் வரும் உங்கள் ஊரில் இது சமவெளியைவிட அதிகமாகத்தான் தெரியும். இதில் பசையின் மீதோ உங்கள் மகனின் மீதோ குற்றமில்லை. இந்த வேலைக்கு அது ஏற்றதல்ல, அவ்வளவுதான்.

டமியா எக்ஸ்ட்ரா தின் என்று பச்சை மூடியோடு 40 மில்லி கண்ணாடிப் புட்டியில் வருவதையோ, ஊசிமுனை வைத்த ரெவெல் கான்டாக்டா புரொஃபெஷனலையோ வாங்குங்கள். முதலாவது தண்ணீர் போல இருக்கும். இரு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மூடியில் உள்ள தூரிகையின் நுனியால் இணைப்புக் கோட்டைத் தொட்டால் அதுவே உள்ளே ஓடிவிடும். இரண்டாவது சற்றுக் கெட்டியானது. ஒரு பக்கம் துளி வைத்து அழுத்த வேண்டும், பொருத்தியதைச் சரிசெய்யக் கொஞ்சம் அவகாசமும் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். குளிரில் கரைப்பான் மெதுவாகத்தான் ஆவியாகும் என்பதால், ஒட்டியதை மறுநாள் வரை தொடாமல் வைப்பது நல்லது.

பைப் சொல்யூஷன் பி.வி.சி. குழாய்களுக்காகச் செய்யப்பட்டது. தடித்த குழாயை இளக்கும் கரைப்பான், விரல்நக அளவுள்ள முகத்தை விட்டுவைக்காது. கடைக்காரருக்கு எல்லாமே ‘பிளாஸ்டிக்’தான், பசை உறைகளிலும் ‘எல்லாப் பிளாஸ்டிக்குக்கும்’ என்று அச்சிட்டுவிடுகிறார்கள். அப்படி ஒரு பசை கிடையாது.

இதைவிடப் பெரிய ஏமாற்று இணையத்தில் நடக்கிறது. தின்னரையோ அசிட்டோனையோ சிறு புட்டிகளில் ஊற்றி, ‘மாடல் சிமென்ட்’ என்று சீட்டு ஒட்டிப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, உறையில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், நிகர அளவும், தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலையும் இருந்தாக வேண்டும். விதி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இவற்றில் ஒன்றுகூட இல்லாத புட்டிகள் தடையின்றி வீட்டு வாசல் வரை வருகின்றன. வாங்கிய இணையதளத்தில் புகார் செய்தால் விற்றவரைக் கேளுங்கள் என்கிறார்கள், விற்றவரோ வேறொரு பெயரில் கடை திறந்திருக்கிறார். ஆகவே சோதனையை நீங்களே செய்துகொள்ளுங்கள்: இறக்குமதியாளரின் முகவரி இல்லாத புட்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அதிகம் போவது அங்கேதான். அசல் வீரரை வைத்து அச்செடுத்து, ரெசினில் (திரவமாக ஊற்றி இறுகவைக்கும் பொருள்) வார்த்த நகல்களைச் சில இடைத்தரகர்கள் ‘ஒரிஜினல் பிளாஸ்டிக்’ என்று சொல்லி விற்கிறார்கள். ரெசினைப் பிளாஸ்டிக் சிமென்ட் இளக்காது. எவ்வளவு தடவினாலும் காய்ந்து போகுமே தவிரப் பிடிக்காது. வாங்கியவர் பசையைக் குறைசொல்லி அடுத்த பசை வாங்குவார், பிறகு இன்னொன்று. இதைக் கண்டுபிடிப்பது எளிது. உறுப்புகளோடு வந்த கழிவுத் துண்டு ஒன்றில் ஒரு துளி சிமென்ட் வைத்து, சில வினாடிகள் கழித்து ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். அந்த இடம் பளபளத்து, இளகி, குச்சியில் ஒட்டினால் பாலிஸ்டைரீன்; அப்படியே கெட்டியாக இருந்தால் ரெசினாகவோ வேறு பொருளாகவோ இருக்கும். ரெசின் என்று உறுதியானால், அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை போகும்படி சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, சூப்பர் க்ளூவால் ஒட்ட வேண்டும். உங்களிடம் மிச்சமிருக்கும் ஃபெவிக்விக்குக்கு அங்கே வேலை உண்டு. உலோக வீரர்களுக்கும் அதுதான். ரெசினைத் தேய்க்க நேர்ந்தால் தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

குளிருக்காகச் சன்னலை மூடிக்கொண்டு, கரி அடுப்பின் அருகே அமர்ந்து இந்த வேலையைச் செய்யும் வழக்கம் மலையில் உண்டு. இதை வன்மையாகத் தடுங்கள். பிளாஸ்டிக் சிமென்டின் ஆவி தீப்பிடிக்கக்கூடியது, தலையையும் சுற்றவைக்கும். சன்னல் திறந்திருக்க வேண்டும், அறையில் நெருப்பு எதுவும் இருக்கக்கூடாது. சூப்பர் க்ளூவைக் கையாளும்போது ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கம்பளியிலோ பருத்தியிலோ அது நிறையச் சிந்தினால் வேகமாகச் சூடேறித் தோலைச் சுட்டுவிடும்.

கைகள் விழுந்த வீரர்களை மீட்டுவிடலாம். இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருப்பவற்றைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் பழைய பசை மேலும் நொறுங்கும் தன்மை அடைந்து, மெல்லத் திருகினாலே விட்டுவிடும். பிறகு இரு பரப்பிலும் படிந்த பசை ஏட்டையும், பெயின்ட் அடித்திருந்தால் அதையும், வெறும் பிளாஸ்டிக் தெரியும் வரை கத்தியால் சுரண்டிவிட்டுச் சிமென்ட் போட வேண்டும். மேலே எது படிந்திருந்தாலும் சிமென்ட் உள்ளே இறங்காது. முகம் கரைந்த வீரனைத் துடைக்கவோ அழுத்தவோ வேண்டாம். சில நாள்கள் முழுதாக இறுக விட்டு, மேடுகளை மட்டும் கத்தி நுனியால் சீவலாம். அப்போதும் சரிவரவில்லை என்றால், சட்டகத்தில் மிஞ்சியிருக்கும் வேறொரு தலையை அந்தக் கழுத்தில் வைத்துவிடலாம், பல பெட்டிகளில் கூடுதல் தலைகள் இருக்கும்.