சரயேவோவில் சுட்டது பெரம்பூருக்கு எப்படி வந்தது?

கேள்வி: யாரோ ஒரு இளவரசரை யாரோ சுட்டதால் முதல் உலகப் போர் வந்தது என்று என் மகள் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டையை நம் பிள்ளைகள் எதற்குப் படிக்க வேண்டும்? எம்டன் கப்பல் நாலு குண்டு போட்டதைத் தவிர வடசென்னைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
- ஒரு வாசகர், ஓட்டேரி

பதில்: ஓட்டேரியிலிருந்து இந்தக் கேள்வி வந்ததுதான் எனக்கு வருத்தம். வேறு ஊர்க்காரர் கேட்டிருந்தால் நாலு வரியில் முடித்திருப்பேன்.

முதலில் அந்த இளவரசர் விஷயம். 1914 ஜூன் 28-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்டை, பிரின்சிப் என்ற 19 வயதுப் பையன் சுட்டான், சரி. ஆனால் ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்தது அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான். நிறுத்த நினைத்திருந்தால் அந்த ஒரு மாதத்தில் நிறுத்தியிருக்கலாம். ஜெர்மனி ஆஸ்திரியாவுக்குத் தைரியம் கொடுத்தது, ரஷ்யா படை திரட்டியது, ரஷ்யாவோடு மோதுவதென்றால் முதலில் பெல்ஜியம் வழியாகப் போய்ப் பிரான்சை அடிப்பது என்று ஜெர்மன் தளபதிகள் பல வருடங்களுக்கு முன்பே திட்டம் போட்டு வைத்திருந்தார்கள், பெல்ஜியத்தில் கால் வைத்ததும் பிரிட்டன் இறங்கியது. கடலில் யார் பெரியவன், எந்தக் காலனி யாருக்கு என்ற போட்டி இதற்கெல்லாம் முன்பிருந்தே நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலனிகளில் ஒன்று நாம். ஆகஸ்ட் 4-ல் பிரிட்டன் போர் அறிவித்ததும் இந்தியாவும் போரில் சேர்ந்துவிட்டது, நம்மிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கிருந்து கடல் தாண்டிப் போனார்கள். போதாததற்கு 1917-ல் இந்தியக் கஜானாவிலிருந்து 10 கோடி பவுண்டு பிரிட்டனுக்கு 'அன்பளிப்பு' என்று போனது. இதுவும் யாரோ ஒருவருடைய சண்டையா?

ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு வந்தது 1914 செப்டம்பர் 22 இரவு. துறைமுகத்துப் பக்கம் பர்மா எண்ணெய் கம்பெனி டாங்குகள் எரிந்தன, சில உயிர்கள் போயின, ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். எல்லோரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அரை மணி நேரம்கூட நீடிக்காத அந்தத் தாக்குதலைவிட, அடுத்த நாலு வருடம் அரிசி விலை ஏறியதுதான் வடசென்னையை மாற்றியது.

ரயில் வண்டிகளும் கப்பல்களும் ராணுவத்துக்குப் போனதால் அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் விலை ஏறின. அதே சமயத்தில் பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாட்டிக் மில்களில் ராணுவத்துக்குக் காக்கித் துணி நெய்தார்கள். மில்லுக்கு நல்ல லாபம், ஆனால் நெய்தவன் கூலி விலைவாசியை எட்டவில்லை. சாப்பிடக் கொடுக்கிற நேரம்கூடப் போதவில்லை என்று தொழிலாளர்கள் வியாபாரிகளான செல்வபதி செட்டியாரிடமும் ராமானுஜுலு நாயுடுவிடமும் முறையிட, அவர்கள் அன்னி பெசன்ட்டின் சகாவான பி.பி. வாடியாவைக் கூட்டி வந்தார்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர். முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று இந்தியா முழுவதும் சொல்லப்படுவது நம் பெரம்பூரில் பிறந்த இதுதான். அதே வருடம் செப்டம்பரில் பசி தாங்காமல் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. அப்புறம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் கப்பல்களோடு பம்பாயில் இறங்கிய விஷக் காய்ச்சல் நாடு முழுக்கப் பரவி ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. போரில் செத்த நம் சிப்பாய்களின் எண்ணிக்கை முக்கால் லட்சத்தை ஒட்டியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1920-ல் மில் நிர்வாகம் வாடியா மீது வழக்குப் போட்டு கோர்ட்டில் தடை வாங்கியது. தொழிலாளியைச் சங்கத்தில் சேர்ப்பதே குற்றம் என்கிற மாதிரியான அந்த நிலையை மாற்றத்தான் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. உங்கள் தெருவில் யாராவது சங்கத்தில் இருந்தால் அவருக்கு இந்த வரலாற்றில் பங்கு இருக்கிறது.

இதில் பெருமைப்பட முடியாத பகுதியும் உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். 1921-ல் அதே மில்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். கையில் ஒரு வாரக் கூலிகூட மிச்சமில்லாதவர்கள் எத்தனை நாள் வெளியே நிற்க முடியும்? அதோடு நிர்வாகமும் அரசாங்கமும் அவர்களைப் பிரிப்பதில் குறியாக இருந்தன. பேசித் தீர்த்திருக்க வேண்டிய விஷயம் அது. ஆனால் புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் கொளுத்தப்பட்டன, கலவரம் மாதக்கணக்கில் நீடித்தது, போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. ஒரே மில்லில் பக்கத்துப் பக்கத்தில் நின்று நெய்தவர்களைச் சாதி இப்படிப் பிரித்தது, பிரிந்ததைச் சங்கத்தால் ஒட்டவைக்க முடியவில்லை. போர் மூட்டிய பசி இங்கே ஏற்கெனவே இருந்த பிளவின் மேல் வந்து விழுந்தது. வேலைநிறுத்தமும் தோற்றது. பின்னி மில் 1996-ல் மூடப்பட்டுவிட்டது, புளியந்தோப்புக்காரன் என்றால் இன்றும் முகம் சுளிப்பவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள்.

இரண்டாவது போருக்கு வருகிறேன். வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் தலையில் கட்டிய கடனும் அவமானமும், 1929-க்குப் பிறகு வந்த வேலையில்லாத் திண்டாட்டமும் ஹிட்லருக்கு வழிவிட்டன என்பது உங்கள் மகளின் புத்தகத்திலேயே இருக்கும். 1939-லும் நம்மைக் கேட்காமலே வைசிராய் போர் அறிவித்தார், ராஜாஜி மந்திரிசபை அந்தக் காரணத்தால்தான் ராஜினாமா செய்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னையே காலியானது. ரேஷன் கார்டும் அந்தப் போர்க்காலம் விட்டுப்போனதுதான். ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களில் ஏராளமான தமிழர்கள், காட்டு வழியாக நடந்தே வந்தார்கள். வழியில் இறந்தவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. அங்கேயே தங்கியவர்களையும் போருக்குப் பிறகு திரும்பிப் போனவர்களையும் 1960-களில் பர்மாவின் ராணுவ ஆட்சி வெளியே தள்ளியது, அவர்களில் பலர் குடியேறியது வியாசர்பாடியில். உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

அங்கே அந்தக் குடும்பங்களில், நடந்து வந்த கதையைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒருவரிடமாவது பேசச் சொல்லுங்கள். அவள் கேட்டதை எழுதி அனுப்பட்டும், எத்தனை பக்கம் வந்தாலும் வெட்டாமல் போடுகிறேன்.