கேட்டை உள்ளிருந்து சாத்துவது

அன்புள்ள சார்,

2022 ஜூலையில் கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்த மக்கள் நீச்சல்குளத்தில் குளித்தார்கள். 2024 ஆகஸ்டில் டாக்காவிலிருந்து ஷேக் ஹசீனா ஹெலிகாப்டரில் ஓடினார். இரண்டிலும் ஒற்றைத் தலைவர் கிடையாது. லட்சம் பேர் தெருவில் இறங்கினால் எந்த அரசும் நிற்காது என்று தோன்றுகிறது. மக்கள் எழுச்சிக்கு இனி தலைவர் தேவையா?

ம.

அன்புள்ள ம.,

நீச்சல்குளப் படம் எனக்கும் பிடிக்கும். அதை வைத்துக் கோட்பாடு கட்டாதீர்கள். டாக்காவை இப்போதைக்கு விட்டுவிடுவோம், அங்கே கணக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் ‘லட்சம் பேர் தெருவில் இறங்கினால்’ என்று எழுதும்முன் நீங்கள் ஐந்து நிமிடம் யோசித்திருக்கலாம்.

போலந்தின் கடலோர நகரங்களில் 1970 டிசம்பரில் இறங்கிப் பார்த்தார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில் அரசு உணவு விலையை ஏற்றியது. க்டான்ஸ்க் நகரின் லெனின் கப்பல் தளத் தொழிலாளர்கள் கேட்டைத் தாண்டி ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். கட்டடம் எரிந்தது, ராணுவம் சுட்டது. அரசுக் கணக்கிலேயே நாற்பதுக்கு மேல் பிணங்கள்.

தெரு அரசுக்குத் தோதான இடம். அங்கே டாங்கி ஓடும். கூட்டத்துக்குள் ஆளை விட்டுக் கடைக்கண்ணாடியை உடைக்கலாம், மறுநாள் ‘கலகக்காரர்கள்’ என்று பேப்பரில் போடலாம். தளத்துக்குள்ளே நிற்கும் கிரேனும் பாதி கட்டிய கப்பலும் அரசின் சொந்தச் சொத்து. அதன்மேல் டாங்கியை ஏற்ற எந்த அதிகாரிக்கும் சட்டென்று கை வராது.

1980 ஆகஸ்ட் 14, அதே தளம். கிரேன் ஓட்டிய அன்னா வாலென்டினோவிச்சை வேலையிலிருந்து நீக்கியதில் தொடங்கியது. இம்முறை யாரும் ஊர்வலம் போகவில்லை, கேட்டை உள்ளிருந்து சாத்தினார்கள். முதல் காரியமாகக் குடியைத் தடை செய்தார்கள். குடித்துவிட்டுக் கல்லெறியும் ஒருவன் போதுமே, போலீஸ் உள்ளே வருவதற்கு!

மூன்றாம் நாள் எல்லாம் கவிழப் பார்த்தது. நிர்வாகம் 1500 ஸ்லோட்டி (போலந்து நாணயம்) ஊதிய உயர்வுக்கு ஒத்துக்கொண்டது. வேலைநிறுத்தம் முடிந்தது என்று அறிவித்தவர் எலக்ட்ரீஷியன் லெக் வலேசா. ஆம், நீங்கள் கேட்கிற ‘தலைவர்’தான். ஆதரவாக நிறுத்தியிருந்த சின்ன ஆலைகளும் டிராம் பணிமனையும் நட்டாற்றில். டாங்கிகளுக்கு எதிரே பேருந்துகள் என்ன செய்யும் என்று டிராம் ஓட்டுநர் ஹென்ரிகா க்ஷிவோனோஸ் கத்தினார். வாலென்டினோவிச்சும் நர்ஸ் அலினா பியென்கோவ்ஸ்காவும் கேட் கேட்டாக ஓடி, வெளியேறுகிறவர்களை மறித்தார்கள். பெரும்பாலோர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தங்கிய சிறு கூட்டம்தான் அன்றிரவு ஆலைகளிடைக் கூட்டுக்குழுவை அமைத்தது. பிறகு 21 கோரிக்கைகளை ஒட்டுப்பலகையில் எழுதிக் கேட்டில் தொங்கவிட்டார்கள். முதல் கோரிக்கை ஊதியமல்ல, கட்சிக்கு அடங்காத தொழிற்சங்கம்.

நான் சொல்ல வந்தது ஒலிபெருக்கியைப் பற்றி. 23-ஆம் தேதி துணைப் பிரதமர் யாகியெல்ஸ்கி பேச வந்தார். துண்டித்த தொலைபேசி இணைப்பைத் திரும்பக் கொடு என்பதுதான் முதல் சண்டை. பேச்சு நடந்த அறையிலிருந்து மைக் வழியே தளம் முழுக்கவும் கேட்டுக்கு வெளியே நின்ற குடும்பங்களுக்கும் ஒலிபரப்பு. துணைப் பிரதமர் மழுப்புவதை வெல்டர் கேட்டுக்கொண்டே ரொட்டி தின்றார். மற்ற ஆலைகளின் பிரதிநிதிகள் கேசட்டில் பதிந்து ஊருக்குக் கொண்டுபோனார்கள். ‘நமக்குள் முடித்துக்கொள்வோமே’ என்ற பேச்சு பூட்டிய அறையில்தான் எழும். மைக் முன்னால் அதை எவரும் சொல்ல முடியாது. நிபுணர்கள் தனியறையில் உட்கார்ந்து வரைந்த பகுதியில்தான் ‘கட்சியின் தலைமைப் பங்கு’ என்ற சொற்றொடர் நுழைந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அதற்குத் திட்டு விழுந்தது. பின்னே விழாதா?

கையெழுத்து நாளான ஆகஸ்ட் 31-க்குள் வேலைநிறுத்தத்தில் எழுநூறு நிறுவனங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. மறு ஆண்டில், இதிலிருந்து பிறந்த சாலிடாரிட்டி தொழிற்சங்கத்துக்கு ஏறக்குறைய ஒரு கோடி உறுப்பினர்கள்.

உங்கள் கேள்வி பாதியில் நிற்கிறது, தெரியும். 1981 டிசம்பர் 13 பிறந்த நள்ளிரவில் ராணுவச் சட்டம் வந்தது. வலேசா உட்பட ஆயிரக்கணக்கானோரைப் படுக்கையிலிருந்து தூக்கினார்கள், தொலைபேசிகள் செத்தன. அதற்குப் பத்து நாள் முன்பு, டிசம்பர் 3 அன்று, வ்ரோட்ஸ்வாஃப் நகரக் கிளையினர் சங்கத்தின் 8 கோடி ஸ்லோட்டியை வங்கியிலிருந்து எடுத்துப் பேராயர் வீட்டில் கொடுத்துவைத்திருந்தார்கள். தலைவர்கள் காவலில் இருந்தபோது அங்கே ரகசிய அச்சகங்களுக்குக் காகிதமும் மையும் வாங்கியது அந்தப் பணம்.

அன்புடன்