பூநாரைக்கு எந்த கேமரா: டி7500-ஆ, 90டி-யா?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் நிக்கான் டி3400 இருக்கிறது. கூடவே வந்த 18-55, 70-300 ஏஎஃப்-பி டிஎக்ஸ் லென்ஸ்களும் உண்டு. லீவு கிடைத்தால் தனுஷ்கோடிக்குப் பறவை எடுக்கப் போய்விடுவேன். கடற்பறவையான ஆலா பாயும்போது ஒரு படம்கூடத் தெளிவாக விழுவதில்லை. ஒரு லட்சத்துக்குள் நிக்கான் டி7500, கேனான் 90டி இரண்டில் எதற்கு மாறலாம்? 90டி-யில் மெகாபிக்சல் அதிகம் என்கிறார்களே?"

டி7500 வாங்குங்கள். நல்ல நிலையில் இருக்கும் பழையதே போதும். மிச்சப் பணத்தை லென்ஸுக்கு வையுங்கள்.

மெகாபிக்சல் கணக்கு உண்மைதான். 2019-இல் வந்த 90டி-யில் 32.5, 2017-இல் வந்த டி7500-இல் 20.9. ஆனால் நீங்கள் நிற்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரைகள் ஆழமில்லாத தண்ணீரில் எங்கோ தள்ளித்தான் நிற்கும். வெயில் ஏறி மணல் சூடானதும் கானல் எழும்பிவிடும். அதற்குப் பிறகு எடுத்தால் எத்தனை மெகாபிக்சல் இருந்தாலும் பறவையின் கால் நெளிந்துதான் தெரியும். படத்தைப் பெரிதாக்கினால் கானலும் சேர்ந்து பெரிதாகும், அவ்வளவுதான். விடியும்போதே அங்கே இருப்பவருக்கு 20.9 தாராளம். அப்புறம் ஒரு வேண்டுகோள்: கிட்டத்தில் படம் வேண்டும் என்று தண்ணீருக்குள் இறங்கி நடக்காதீர்கள். இரை தேடும் கூட்டம் ஒருமுறை கலைந்து பறந்தால் அவற்றுக்கு அது பெரிய நஷ்டம்.

ஆலா சிக்காததற்குப் பெரிய காரணம் உங்கள் கேமராவின் ஃபோகஸ். டி3400-இல் 11 ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்கு 5 படம். டி7500-இல் 51 புள்ளிகள், நொடிக்கு 8 படம். கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் ரா கோப்பில் 50 படம் வரை தொடர்ந்து அழுத்தலாம். 90டி-யில் 45 புள்ளிகள், நொடிக்கு 10 படம், ஆனால் ரா சுமார் 25-இலேயே திணறத் தொடங்கும். பாயும் பறவைக்கு இரண்டும் நல்ல கேமராக்கள்தான். வீடியோதான் உங்கள் முதல் வேலை என்றால் நான் 90டி-யைச் சொல்லியிருப்பேன். திரையைப் பார்த்து எடுக்கும்போது அதன் ஃபோகஸ் டி7500-ஐவிட வெகுவேகம், திரையும் எல்லாப் பக்கமும் திரும்பும்.

ஆனால் கேனானுக்கு மாறினால் லென்ஸ் முதற்கொண்டு புதிதாகத் தொடங்க வேண்டும். பணம் பாடியிலேயே தீர்ந்துவிடும். டி7500-இல் உங்கள் 70-300 அப்படியே வேலை செய்யும். பிறகு நிக்கான் 200-500 எஃப்5.6 பழையதாகக் கிடைத்தால் விடாதீர்கள். 2.3 கிலோ எடை, ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாட் இல்லாமல் கை தாங்காது. ஆனாலும் நம் கடற்கரைப் பறவைகளுக்கு அந்த எட்டம் வேண்டும். கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி வைத்த, இந்த வகைக் கேமரா) எதையும் கொண்டுவரவில்லையே என்று தயங்க வேண்டாம். நாளைக்கு நிக்கானின் மிரர்லெஸ்ஸுக்கு (ஆடி இல்லாத புதுவகைக் கேமரா) போனாலும், இந்த லென்ஸ்களை அதில் பொருத்த உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டால் இந்த இரண்டு லென்ஸிலும் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும்.

இனி உப்பு. தனுஷ்கோடிச் சாலையில் ஒரு பக்கம் ஆண்கடல் (மன்னார் வளைகுடா), மறுபக்கம் பெண்கடல் (பாக் நீரிணை); காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் கேமரா மேல் உப்பு படியும். டி7500-இன் பாடிக்கு ஈரமும் தூசியும் புகாத தடுப்பு உண்டு. உங்கள் 70-300 லென்ஸ் கேமராவோடு பொருந்தும் மவுன்டில் ரப்பர் வளையம் கிடையாது, அந்த இணைப்பு வழியாகத்தான் உப்பு உள்ளே போகும். அரிச்சல்முனையில் மணல் பறக்கும்போது லென்ஸ் மாற்றி, ஒரு ஜூம் வளையத்தை நறநறவென்று ஆக்கிக்கொண்டவன் நான். வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடனே துணியால் தேய்க்காதீர்கள், உப்பும் மணலும் லென்ஸின் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ப்ளோயரால் ஊதுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் பாடியைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

பழையது வாங்கும்போதும் இதே உப்பைத்தான் தேட வேண்டும். ஃப்ளாஷ் மாட்டும் இடம், ட்ரைபாட் திருகு ஓட்டை, மவுன்டின் திருகுகள், பேட்டரி அறையின் தகடுகள் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். துருவோ பச்சைப் பூப்போ தெரிந்தால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். கல்யாண வீடுகளுக்கு ஓடிய கேமராவாக இருந்தால் ஷட்டர் எண்ணிக்கை (இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று) கேளுங்கள். டி7500-இன் ஷட்டரை 1,50,000 முறைக்குச் சோதித்திருக்கிறார்கள். 50,000-க்குள் இருந்தால் துணிந்து வாங்கலாம். விற்பவர் வாய்வார்த்தையை நம்ப வேண்டியதில்லை. அங்கேயே ஒரு படம் எடுத்து, அந்தக் கோப்பை எக்ஸிஃப் (படத்தோடு பதிவாகும் விவரங்கள்) காட்டும் செயலியில் திறந்தால் எண்ணிக்கை தெரிந்துவிடும்.